பைக்கில் ஊருக்கு வருகிறீர்களா? சாப்பாட்டு நேரத்தைச் சொல்லாதீர்கள்

போன வாரம் அண்ணன் மகன் ஒரு தாளைக் காட்டினான். சென்னையிலிருந்து தனியாகப் பைக்கில் வரப்போகிறானாம். முதல் நாள் திருநெல்வேலி. மறுநாள் காலை அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், பெரியம்மா வீடு, மதியம் தென்காசியில் நண்பன், சாயந்திரம் களக்காடு, ராத்திரி வள்ளியூர். பத்து வருடத்துக்கு முன்னால் நான் போட்ட கணக்கு அப்படியே இருந்தது. ஹெல்மெட், டயர் காற்று, ஆயில் எல்லாம் அவனுக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, செய்யக்கூடாத தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு வந்துருதேன் என்று சொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. மேப்பில் அம்பைக்கும் வள்ளியூருக்கும் நடுவே சாலை மட்டும்தான் இருக்கிறது, பெரியம்மா இல்லை.

அன்று வள்ளியூர் சித்தியிடம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். முந்தின நாள் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய அலுப்பில் நேரம் கழித்து எழுந்து, அம்பை போய்ச் சேரும்போது மணி ஒன்று. பெரியம்மா சொதி வைத்திருந்தாள், தேங்காய்ப்பால் குழம்பு. "எய்யா, இன்னும் ரெண்டு கரண்டி விட்டுக்கோ." சொதிக்கு இஞ்சித் துவையல் வைப்பது செரிப்பதற்குத்தான். தேங்காய்ப்பால் கொண்டுவரும் தூக்கத்தை அது ஒன்றும் செய்யாது. திண்ணையில் சாய்ந்தவன் எழுந்தபோது நாலரை. தென்காசி நண்பனிடம் போனிலேயே திட்டு வாங்கிக்கொண்டு, களக்காட்டில் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பும்போது இருட்டிவிட்டது.

அப்புறம் போன். சட்டைப்பையில் அது அதிர அதிர, இரண்டு தடவை ஓரங்கட்டினேன். "எங்கல வார? தோசை ஊத்தட்டுமா?" "இந்தா, ஏர்வாடி தாண்டிட்டேன் சித்தி." ஏர்வாடி இன்னும் வரவே இல்லை. அந்தப் பொய்யை உண்மையாக்கத்தான் ஆக்சிலேட்டரைத் திருகினேன். எதிரே வந்த லாரி ஹைபீமைக் குறைக்கவில்லை. வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை ஒன்று, சக்கரம் ஏறிய பிறகுதான் தெரிந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது, 6 வாரம் கை தொட்டிலில். வண்டி பார்சலில் ரயிலேறிச் சென்னை போனது. சித்தி தோசையை டிபன் கேரியரில் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள், ஆறிப்போய் இருந்தது.

அதனால் கிழமையை மட்டும் சொல்லுங்கள். "வியாழக்கிழமை வாரேன்" போதும், மணி வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வீட்டில்தான் சாப்பாடு, மற்ற வீடுகளில் காப்பியோடு எழுந்துவிட வேண்டும். எந்த வீட்டில் மதியம் கை நனைக்கிறீர்களோ அங்கேயே அன்றைக்குப் படுக்கை. கோபித்துக்கொள்கிற நண்பன் அடுத்த முறை வரும்வரை கோபித்துக்கொள்ளட்டும். ஓட்டும்போது போன் பைக்குள்ளேயே, சத்தமில்லாமல் கிடக்கட்டும்.

ஆடிக்காற்றைச் சாதாரணமாக நினைப்பது

ஜூன் முதல் செப்டம்பர் வரை பணகுடி, காவல்கிணறு பக்கம் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, ஆளைத் தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தெற்கே போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். நாமும் நம்மை அறியாமல் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டுவோம். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி முந்தினால், அது கடக்கிற வரை காற்று நின்றுவிடும், சாய்ந்த வண்டி லாரியைப் பார்த்தே போகும். லாரி தாண்டியதும் காற்று மறுபடியும் ஓர் அறை அறையும். கண்ணாடியில் லாரி தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்கிவிடுங்கள். பின் சீட்டில் மூட்டையை உயரமாகக் கட்டினால் அது பாய்மரம்தான். அகலமாக, தாழ்வாகக் கட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புவது

வேண்டாம். 2023இல் மார்கழி பிறந்த பிறகும் தாமிரபரணி ஊருக்குள்தான் ஓடியது.

அல்வாவை முதல் நாளே வாங்குவது

திரும்புகிற அன்று வாங்குங்கள். என் டேங்க் பையில் நெய்வாடை இன்னும் போகவில்லை.