வாடகை வீட்டைப் புதுப்பிக்க: முதலில் குளியலறை, கடைசியில் பெயிண்ட்

குடியிருந்தவர் காலி செய்த மறுநாளே பெயிண்டரைக் கூப்பிடுபவர்கள்தான் எங்கள் குரோம்பேட்டையில் அதிகம். சுவர் பளிச்சென்று இருந்தால் வாடகை ஏறும் என்ற கணக்கு. ஏறத்தான் செய்யும். ஆனால் குளியலறைக்குப் பின்சுவரில் ஓதம் ஏறி, பட்டி (பெயிண்டுக்கு அடியில் சுவரைச் சமன் செய்யப் பூசுவது) உப்பி உதிரத் தொடங்கியதும் வந்தவர் வேறு வீடு பார்த்துவிடுவார். வாடகையை நம்பிக் குடும்பம் நடத்தும் நான் செலவுப் பணத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் புழங்கும் இடங்களில்தான் போடுவேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை. குளியலறையின் நானி டிராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் துளை) ஈரச் சாக்கால் இறுக அடைத்து, வாசலில் சிமென்ட் வரம்பு கட்டி, 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையையும் பக்கத்து அறைச் சுவரின் அடிப்பகுதியையும் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி என்ற நீர்புகாப் பசையை அடைத்தால் போதும். ஈரம் தெரிந்தால் தரையைப் பெயர்த்தே ஆக வேண்டும். மேலே பூசும் எந்த மருந்தும் நிலைக்காது.

பெயர்த்த பிறகு நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு முறை அடித்து, சுவரிலும் ஓரடி ஏற்றச் சொல்லுங்கள். ஷவர் பக்கம் ஆளுயரத்துக்கு. டைல்ஸ் பதிக்கும் முன் மறுபடியும் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். “எல்லாம் சரியாக இருக்கும்மா” என்று மேஸ்திரி சொல்வார். அந்தச் சோதனை முடியும்வரை பாதிக் கூலியைக் கையில் வைத்திருங்கள். வாட்டம் (தரையின் சரிவு) சரியா என்று பார்க்க என் முறை இது: பதித்த தரையில் கதவுப் பக்கம் ஒரு கோலிக்குண்டை வைப்பேன். அது தானாக உருண்டு நானி டிராப்பில் போய் நிற்க வேண்டும். நடுவில் நின்றால் அங்கே குட்டை தேங்கும், பாசி பிடிக்கும். டைல்ஸ் சொரசொரப்பானதாக இருக்கட்டும். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். அடுத்த வருடம் அதே நிறம் கிடைக்காது.

நம் ஊர் போர் தண்ணீரின் உப்புக்கு மலிவான குழாய்கள் தாங்காது. பித்தளையே வாங்குங்கள். பழைய இரும்பு பைப் இருந்தால் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றிவிடுங்கள். ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி இணைப்பு, மீட்டர் பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் சிக்கனம் பார்ப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

யார் எதைச் செய்ய வேண்டும் என்ற வாக்குவாதத்துக்கு, 2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டமே பதில் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் வெள்ளையடிப்பு, பைப் மாற்றம், ஒயரிங் எல்லாம் நம் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு.

பெயிண்ட் கடைசி வேலை. சுவர் முழுக்கக் காயாமல் பட்டி வைக்க விடாதீர்கள். எல்லா வீடுகளுக்கும் ஒரே வெளிர்நிற எமல்ஷன்தான் நான் அடிப்பது. அந்த நிறத்தின் எண்ணை மீட்டர் பெட்டிக்குள் எழுதி ஒட்டியிருக்கிறேன். அழுக்கான இடத்தை மட்டும் தொட்டுவிட்டால் போதும். காலண்டருக்கும் சாமி படத்துக்கும் ஆணி, திரைக்குக் கம்பி, பால்கனியில் துணிக்கொடி ஆகியவற்றை நாமே போட்டுக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வருகிறவர் எல்லாம் சுவரைக் குடைவார்கள். மாடுலர் கிச்சன், பொய்க்கூரை போன்ற ஆடம்பரங்களுக்கு இந்தப் பக்கத்து வாடகை கட்டாது.

ஆடியில் யாரும் பால் காய்ச்சிக் குடிவர மாட்டார்கள் என்பதால் பெரிய வேலைகளை அந்த மாதத்தில் வைத்துக்கொள்கிறேன். ஆடி பாதியிலேயே ‘டு லெட்’ பலகையை மாட்டிவிடுங்கள். ஆவணிக்கு வீடு தேடுகிறவர்கள் அப்போதே நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.