டிரை ஐஸில் ஒரு வால்நட்சத்திரம்

டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு, கொண்டு ஒரு மாதிரி வால்நட்சத்திரம் செய்வோம். வால்நட்சத்திரத்தின் கரு, அதாவது நடுவிலுள்ள திடமான பகுதி, வெள்ளையாக இருக்காது. 1986ல் ஜியோட்டோ விண்கலம் ஹேலி வால்நட்சத்திரத்தை நெருங்கிப் பார்த்தபோது, மேலே விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டை மட்டுமே அது திருப்பி அனுப்புவது தெரிந்தது. அடுப்புக்கரியின் நிறம். ஆகவே கரித்தூளில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

தண்ணீர் 2 கப், மணல் 2 மேசைக்கரண்டி, கரித்தூள் 1 மேசைக்கரண்டி, கறுப்பு சோயா சாஸ் 1 தேக்கரண்டி, அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவம் சில துளி, நொறுக்கிய டிரை ஐஸ் 2 கப். சோயா சாஸ் எதற்கு? கரிமப் பொருள்களுக்காக. 67பி வால்நட்சத்திரத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையே ரொசெட்டா விண்கலம் கண்டறிந்தது. அம்மோனியாவும் அங்கே உண்டு. பிளீச் மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது, அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு.

டிரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரிக் குளிர். தடித்த கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். ஏர்கான் போட்டு அடைத்த அறையில் செய்யவே வேண்டாம். அதிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தங்கும். கீழே உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளைத்தான் முதலில் தாக்கும். வீவக அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம்போல நாலா பக்கமும் காற்று வரும் இடத்தில், மேசைமேல் வைத்துச் செய்யுங்கள்.

பெரிய கிண்ணத்தில் இரண்டு குப்பைப் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக விரித்து, டிரை ஐஸ் தவிர மற்றதையெல்லாம் கலக்குங்கள். டிரை ஐஸைத் துண்டில் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்கிக் கொட்டி, மரக்கரண்டியால் விடாமல் கிளறுங்கள். கெட்டிப்பட்டதும் பையோடு சேர்த்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்துங்கள். பையின் வாயைக் கட்டினால் வெடிக்கும்.

உருண்டை உதிர்ந்தால் டிரை ஐஸ் கட்டி கட்டியாக இருந்திருக்கிறது, அல்லது தண்ணீர் போதவில்லை. கொஞ்சம் தெளித்து மறுபடி பிடியுங்கள். கூழாகவே நின்றால் இன்னும் அரைக் கப் டிரை ஐஸ்.

உருண்டையைப் பையிலிருந்து வெளியே எடுத்ததும், நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் சில நிமிடங்களிலேயே மேலே வெண்பனி படிந்து கறுப்பு மறைந்துவிடும். பழைய தூரிகையால் தட்டிவிடுங்கள். சுற்றிலும் எழும் வெண்புகையும் காற்றிலுள்ள ஈரம்தான். பார்க்க வேண்டியது வேறு: டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், சிறு துளைகளிலிருந்து வாயு பீறிட்டு வருவது தெரியும். சூரியனை நெருங்கும் வால்நட்சத்திரத்திலும் வாயு இப்படித்தான் பீறிட்டுத் தூசியை அள்ளி வருகிறது; வாலின் தொடக்கம் அதுவே.

மீந்த டிரை ஐஸைச் சிங்க்கிலோ குப்பை போடும் குழாயிலோ கொட்டாதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத திறந்தவெளியில், மூடி போடாமல் வையுங்கள். தானே கரைந்து போகும்.