இரண்டடுக்கு கீபோர்டு ஸ்டாண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிசைக் குழுக்களுக்குப் புதிதாக வாசிக்க வரும் பிள்ளைகள், எங்கள் காலத்தில் நாங்கள் கைக்காசைக் கரைத்துக் கற்ற பாடத்தையே மறுபடியும் காசு கொடுத்துக் கற்கிறார்கள். ஸ்டாண்டின் திருகாணியை இறுக்க மறப்பது, பாத ரப்பர் தேய்ந்ததைக் கவனிக்காமல் விடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கீபோர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஸ்டாண்டை வாங்கும்போது செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

எக்ஸ் ஸ்டாண்டின் மேல் இரண்டாம் அடுக்கு

விலை குறைவு என்று முதலில் எக்ஸ் ஸ்டாண்டை (குழாய்கள் நடுவில் எக்ஸ் எழுத்துபோலக் குறுக்கிட்டு நிற்பது) வாங்கிவிட்டு, இன்னொரு கீபோர்டு வந்ததும் மேலே செருகும் கைகளைத் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். கேட்டால், இத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது என்பார்கள். தாங்கும்தான், ஆனால் அது அசையாமல் வைத்திருக்கும் எடையைப் பற்றிய கணக்கே தவிர, வாசிக்கும்போது ஆடுமா என்பதைப் பற்றியது அன்று.

எக்ஸ் ஸ்டாண்டில் உயரத்தைக் கூட்டினால் அகலம் தானாகக் குறையும். குழாய் 100 செ.மீ. நீளமும் பாதங்களின் இடைவெளி 60 செ.மீ.யும் இருந்தால் உயரம் 80 செ.மீ.; நின்று வாசிப்பதற்காக அதை 92 செ.மீ.க்கு ஏற்றினால் இடைவெளி ஏறத்தாழ 39 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். யமஹா பி-45 போன்ற 88 கட்டைப் பியானோ 132 செ.மீ.க்கு மேல் நீளமானது என்பதால், அதன் இரு முனைகளும் பக்கத்துக்கு 46 செ.மீ. போல அந்தரத்தில் நிற்கும். இதற்கும் மேலே இன்னொரு கீபோர்டை ஏற்றினால் கடைசிக் கட்டையை அழுத்தும்போதெல்லாம் மொத்தமும் ஊஞ்சலாடும்.

ஒரு கோயில் திருவிழா மேடையில், பலகைகள் சமமாக இல்லாத இடத்தில் இப்படித்தான் ஒரு தம்பி நிறுத்தியிருந்தார். வேகமான பாட்டொன்றின் இடையிசையில் மேல் கீபோர்டு மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது; அவர் இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் மட்டும் வாசித்து முடித்தார். ஸ்டாண்டில் மிச்சம் பிடித்த பணம், கீழே விழும் கீபோர்டின் பழுதுச் செலவுக்குக்கூடக் காணாது என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது.

இரண்டடுக்கு வேண்டுமென்றால், உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடிய, பக்கக் கால்கள் இசட் எழுத்துபோல வளைந்த இசட் ஸ்டாண்டையோ மேசை வடிவ ஸ்டாண்டையோ பாருங்கள். சுமப்பதற்குக் கனம்தான், ஆனால் ஆடாது. ஒற்றைத் தூணிலிருந்து கைகள் நீளும் நடுத்தூண் ஸ்டாண்டு தூக்கிச் செல்ல எளிது. எனினும் கைகளின் நீளம் உங்கள் கீபோர்டின் ஆழத்துக்குப் போதுமா என்று அளந்துவிட்டே வாங்குங்கள்.

அடுக்குகளின் இடைவெளி

மேல் கீபோர்டு, கீழ் கீபோர்டின் திரையையும் குமிழ்களையும் மறைக்கக் கூடாது.

மடித்த நீளம்

மடித்த ஸ்டாண்டு நீங்கள் போகும் வேனுக்குள் அடங்க வேண்டும்; அதன் பின்பக்கத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பெடலின் இடம்

சில ஸ்டாண்டுகளின் குறுக்குக்கம்பி, ஸ்வரத்தை நீட்டி ஒலிக்கவைக்கக் காலால் மிதிக்கும் சஸ்டைன் பெடல் வைக்கும் இடத்திலேயே ஓடும். கீழடுக்கில் வைக்கப்போகும் கீபோர்டைக் கடைக்கே கொண்டுபோய், வாசிக்கும் உயரத்தில் நிறுத்தி, பெடலையும் வைத்துப் பார்த்து, இரு முனைக் கட்டைகளையும் ஓங்கி அழுத்திப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கிற கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.