கோட்டை, கோட்டே, கொட்டாவ: கொழும்புக்கு முதல் தடவை போகிறவர்கள் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் கோட்டை என்றால் கோட்டைதான். போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. கொழும்பில் கோட்டை என்று ஓர் இடம் இருக்கிறது, கோட்டை இல்லை. மதில்களை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள். சரி, கோட்டை ரயில் நிலையமாவது கோட்டையில் இருக்கிறதா என்றால், அது நிற்பது புறக்கோட்டையில். ஊர் பெரிசு என்று பயந்துகொண்டு போகிறோம். கால் இடறுவது என்னவோ பெயர்களில்தான்.

இடங்களின் தமிழ்ப் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு போவதுதான் பெரிய பிழை. நாம் கோட்டை என்பது சிங்களத்தில் கொட்டுவ. புறக்கோட்டை, பிட்டகொட்டுவ. ஓட்டோக்காரரிடம் "கோட்டை" என்றால் அவர் காதில் கோட்டே என்று விழலாம். கோட்டே பாராளுமன்றம் இருக்கிற பக்கம், வேறு திசை. அதற்குள்ளேயே பிட்டகோட்டே என்று இன்னோர் இடம். போதாததற்கு ஹைலெவல் வீதியில் மகரகமைக்கும் அப்பால் கொட்டாவ.

இதில் நானும் அகப்பட்டிருக்கிறேன். பொரளையில் நிற்கிறேன், ஊருக்குப் போகும் இரவு பஸ்ஸைப் பிடிக்கப் புறக்கோட்டைக்குப் போக வேண்டும். விரலிடுக்கில் நோட்டுகளை நீளமாக மடித்துச் செருகியிருந்த கண்டக்டர் ஒருவர், மிதிபலகையில் தொங்கியபடி இடங்களின் பெயரைக் கத்திக்கொண்டு வந்தார். "பிட்டகோ" வரைக்கும்தான் எனக்குக் கேட்டது, ஏறிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து "பிட்டகோட்டே பஹின்ன", இறங்குங்கோ என்றார். இறங்கிப் பார்த்தால் பஸ் நிலையமும் இல்லை, சனமும் இல்லை. ஒரு சந்தி, ஒரு பேக்கரி. திரும்பி வந்து சேர்வதற்குள் ஊர் பஸ் போய்விட்டது. பஸ்ஸின் முன்பலகையில் மூன்று மொழியிலும் எழுதித்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் புறக்கோட்டைக்கு அதன் ஆங்கிலப் பெயரில் "பெட்டா" என்றுதான் கேட்பேன், ரயிலுக்கென்றால் "ஃபோர்ட் ஸ்டேஷன்". இந்த இரண்டும் எவருக்கும் விளங்கும்.

முகத்துவாரமும் அப்படித்தான். நமக்கு அது வெளிச்சவீட்டடி. கொழும்பு 15இலும் ஒரு முகத்துவாரம் உண்டு, ஆனால் அங்கே கண்டக்டர் கத்துவது "மோதர". கொம்பனித்தெரு என்றால் "கொம்பஞ்ஞ வீதிய". போகிற இடத்தின் சிங்களப் பெயரைப் புறப்படுமுன் கைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடல். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நமக்குக் கடல் கிழக்கு. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும்போது அது இடக்கைப் பக்கம் வரும். கொழும்பில் கடல் மேற்கு. கோட்டையிலிருந்து காலி வீதியால் வெள்ளவத்தைக்குப் போனால் வலக்கைப் பக்கம். பிறந்ததிலிருந்து உடம்புக்குள் இருக்கிற திசை அப்படியே தலைகீழாகிவிடும். என் மச்சாள் பம்பலப்பிட்டியில் இறங்கி, "கடல் இடப்பக்கம் இருக்கு, அப்ப வெள்ளவத்தைக்குத்தானே போறம்" என்று கொள்ளுப்பிட்டி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனா. வெயில் வேறு. வழி கேட்டால் வலமா இடமா என்று கேட்காமல் கடல் பக்கமா, மற்றப் பக்கமா என்று கேளுங்கள்.

விலாசத்தில் கொழும்புக்குப் பின்னால் வரும் இலக்கத்தை விட்டுவிடாதீர்கள். காலி வீதி கொள்ளுப்பிட்டியிலும் ஓடுகிறது, பம்பலப்பிட்டியிலும் ஓடுகிறது, வெள்ளவத்தையிலும் ஓடுகிறது. 3, 4, 6 என்பதுதான் பிரித்துக் காட்டும். 4க்கும் 6க்கும் நடுவில் 5 வரும் என்று கடற்கரை ஓரமாகத் தேடவும் வேண்டாம். கிருலப்பனை, நாரஹேன்பிட்டி உள்ள கொழும்பு 5 உள்ளுக்குள் இருக்கிறது.

அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் இல்லை, அதனால் கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் பெரும்பாலும் பஸ்தான். மட்டக்களப்பில் வந்து ரயில் எடுப்பவர்கள் கோட்டை வரைக்கும் போயே தீர வேண்டும் என்று ஏனோ நினைக்கிறார்கள். நீர்கொழும்புக்குப் போகிறவர் ராகமையில் இறங்கி மாறலாம். தேசிய வைத்தியசாலைக்கு மருதானை கிட்ட.

இரவுப் பயணம் என்றால் விடியுமுன் கொண்டுபோய் இறக்கிவிடும். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், பையை முதலில் பிடிக்கிற ஓட்டோவில் ஏறுவதுதான் பலரும் காசு விடுகிற இடம். ஒரு பிளேன்ரீ குடித்து வெளிச்சம் வரும் வரைக்கும் இருங்கள். அப்புறம் கைபேசியில் பிக்மீ அல்லது ஊபர் செயலியில் கூப்பிடுங்கள். அது இல்லாவிட்டால் மீட்டர் போடுவாரா என்று ஏறுமுன் கேளுங்கள். ஏறிய பின் கேட்பது பேரம் இல்லை, சண்டை.

கடவுச்சீட்டுக்குப் போகிறவர்களிடம் பழைய ஆட்கள் இன்னும் புஞ்சி பொரளை என்பார்கள். அலுவலகம் பத்தரமுல்லைக்கு மாறிப் பல வருசம். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகும் 177ஆம் இலக்க பஸ் பத்தரமுல்லையால் போகும். முழுநிலா விடுமுறையான போயா தினத்தில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் கலியாணச் சாமான் வாங்கலாம் என்றும் போக வேண்டாம், அன்றைக்குப் பல கடைகள் பூட்டு.

பஸ்ஸில் ஆயிரம் ரூபா நோட்டை நீட்டினால் மிச்சக் காசு இறங்கும் வரைக்கும் வராமலே போகலாம். வெட்கப்படாமல் கேளுங்கள். இறங்கும் இடம் வருமுன்பே எழும்பிக் கதவடிக்கு வந்துவிட வேண்டும், நம்மூர் பஸ் மாதிரி நின்று பொறுக்காது.

கடைசியாக, திரும்பி வருகிற பஸ். வந்து இறங்கிய இடத்திலிருந்தேதான் அது வெளிக்கிடும் என்று நம்பி இருக்காதீர்கள். அரச பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் நிற்கும் இடம் வேறாக இருக்கலாம். பகலிலேயே ஒரு தடவை போய்ப் பார்த்து வைத்துவிட்டால், இரவில் இரண்டு கையிலும் பைகளோடு ஒவ்வொரு பஸ்ஸின் பலகையாக வாசித்துத் திரியத் தேவையில்லை.