மாநகராட்சியில் மனு கொடுப்பது எப்படி: முதலில் அது யாருடைய சாக்கடை என்று பாருங்கள்

எரியாத தெருவிளக்கு, வழியும் சாக்கடை, நாற்றமடிக்கும் குடிநீர், பள்ளம் விழுந்த சாலை. தஞ்சாவூரானாலும் கும்பகோணமானாலும் மயிலாடுதுறையானாலும் இந்த நாலைச் சுற்றித்தான் புகார் வரும். மனு எழுதத் தெரியாததால் வேலை நடக்காமல் போவது குறைவு. சம்பந்தமில்லாத அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால்தான் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் இந்த விளக்கத்தில் முதல் படிக்கே நிறைய இடம் போகிறது. அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: உரிமையாளரைக் கண்டுபிடியுங்கள்

முதலில் உங்கள் வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது? முகவரியில் 'தஞ்சாவூர்' என்று இருப்பதை நம்ப வேண்டாம், அது தபால்காரருக்கான அடையாளம். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எது அச்சாகியிருக்கிறதோ அங்கேதான் மனு. வல்லத்தில் இருப்பவர் தஞ்சாவூர் ஆணையருக்கு எழுதிப் பயனில்லை. வல்லம் பேரூராட்சிக்குத் தனியாகச் செயல் அலுவலர் இருக்கிறார். ஊராட்சி என்றால் துறையே வேறு: ஊரக வளர்ச்சித் துறை, வட்டார வளர்ச்சி அலுவலர்.

சாலை: பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இந்தச் சாலைகள் ஊருக்குள்ளேயே ஓடினாலும் பள்ளம் மூடுவது மாநகராட்சி இல்லை. மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு போடலாம். கல்லே இல்லாத உள்தெரு பெரும்பாலும் உள்ளாட்சிக்குச் சொந்தம்.

தெருவிளக்கு: கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்கும் விளக்கு உள்ளாட்சியுடையது. இந்தப் பங்கீடு தெரியாமல் இரண்டு அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பவர்கள் நிறைய. ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் விளக்கிலோ அதற்குப் போகும் இணைப்பிலோ கோளாறு, மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். வரிசையாக ஏழெட்டு எரியவில்லை, அல்லது பகலிலும் எரிகிறது என்றால் ஸ்விட்ச் பெட்டியில் டைமரோ ஃப்யூஸோ பழுது. அதுவும் மாநகராட்சிதான், ஆனால் மனுவில் 'விளக்கு எரியவில்லை' என்று எழுதாமல் 'ஸ்விட்ச் பெட்டிக் கோளாறு' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் வருபவர் ஏணியும் பல்பும் மட்டும் எடுத்து வந்து திரும்பிப் போவார். கம்பம் சாய்ந்திருக்கிறது, கம்பி தாழ்ந்து தொங்குகிறது, தீப்பொறி பறக்கிறது என்றால் மாநகராட்சிப் பக்கமே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. எதுவானாலும் கம்பத்தில் பெயிண்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாக்கடைதான் டெல்டாவில் சிக்கலான விஷயம். இங்கே ஒரு தெருவிலேயே மூன்று விதமான தண்ணீர்ப் பாதை இருக்கும்.

சாலையோரத் திறந்த வடிகால் ஒன்று. உள்தெருவில் இருந்தால் மாநகராட்சி, நெடுஞ்சாலை ஓரம் இருந்தால் நெடுஞ்சாலைத் துறை. இரண்டாவது பாதாள சாக்கடை. மூன்றாவது பாசன வாய்க்கால். வீடுகள் நெருங்கிவிட்டதால் சாக்கடை மாதிரி தெரியும், ஆனால் கணக்கில் அது இன்னும் நீர்வளத்துறை வாய்க்காலாகவே இருக்கும். தஞ்சாவூருக்குள் ஓடும் புது ஆறு கல்லணைக் கால்வாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது. கும்பகோணத்தில் காவிரி வடிநிலக் கோட்டம், வெண்ணாற்றுப் பக்கம் என்றால் வெண்ணாறு வடிநிலக் கோட்டம். இப்படிப்பட்ட வாய்க்காலில் குப்பை கொட்டுவதைத் தடுக்க மாநகராட்சிக்கு எழுதுங்கள், தூர் வார நீர்வளத்துறைக்கு எழுதுங்கள். ஒரே மனுவில் இரண்டையும் கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

வடிகால் எதிர்த்து வருகிறதா என்பதையும் கவனியுங்கள். ஊர் வடிகால்கள் கடைசியில் வாய்க்காலில்தான் விழுகின்றன. வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளில் அதன் மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்தால் சாக்கடை பின்னோக்கித் தெருவுக்கு வரும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் சில நாள் தேங்கும், சில நாள் தானாக வடியும். இதை 'அடைப்பு' என்று எழுதினால் ஆள் வந்து பார்க்கும் நாளில் வடிந்திருக்கும், மனு முடிந்துபோகும். தேங்கிய தேதிகளையும் அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் எந்த மட்டத்தில் ஓடியது என்பதையும் எழுதி, வடிகால் வாயில் மதகுப் பலகை (தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் அடைப்பு) கேளுங்கள். அது கேட்க வேண்டிய காலம் சித்திரை, வைகாசி. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும், அதற்கு முன்பு வாய்க்கால் காய்ந்திருக்கும்போதுதான் வேலை செய்ய முடியும். ஐப்பசியில் கேட்டால் மோட்டார் வைத்து இறைப்பார்கள், அவ்வளவுதான்.

பாதாள சாக்கடை வழிந்தால் எந்த மூடியில் வழிகிறது, அடுத்தடுத்த மூடிகளில் எதில் வழியவில்லை என்று சாலையில் நின்றபடியே பாருங்கள். ஒன்றில் மட்டும் வழிந்து கீழ்ப்பக்க மூடி காய்ந்திருந்தால் அடைப்பு பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். வரிசையாக எல்லாம் வழிந்தால் நீரேற்று நிலையில் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். மூடியை நீங்களே திறக்காதீர்கள், யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். விஷவாயு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். மனிதரைக் கொண்டு சாக்கடை அள்ளுவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இயந்திரம் கேட்டு 14420-ல் பேசலாம்.

இன்னொன்று. மழைக்கு மட்டும் வழிகிறது என்றால் உங்கள் தெருவில் எத்தனை வீட்டு மொட்டைமாடிக் குழாய் பாதாள சாக்கடையில் விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், உங்கள் வீட்டையும் சேர்த்து. கழிவுநீருக்காகப் போட்ட குழாய் மழைநீரைத் தாங்காது. இதற்கு மனு போட்டுத் தீர்வு வராது.

படி 2: ஆதாரம்

இரண்டு படம் போதும். ஒன்று தூரத்திலிருந்து, கோவில் கோபுரமோ கடைப் பலகையோ கம்ப எண்ணோ தெரியும்படி. மற்றொன்று கிட்டத்தில், அளவு தெரிய ஒரு செருப்பையோ செங்கல்லையோ வைத்து. தேதி, நேரம், இடம் பதியும் கேமரா செயலி எதுவானாலும் சரி. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தைக் கொடுக்காதீர்கள், அதில் இந்த விவரமெல்லாம் போய்விடும். வீடியோ வேண்டாம், கோப்பில் வைக்க முடியாது.

குடிநீர் புகாருக்குப் படத்தைவிடக் குறிப்பு முக்கியம். தண்ணீர் விடும் நேரம், முதல் சில குடங்களில் மட்டும் நாற்றமா கடைசிவரையா, எத்தனை வீட்டில் என்று எழுதுங்கள். முதலில் மட்டும் என்றால் உங்கள் இணைப்புக் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் ஓட்டை இருக்கலாம். தண்ணீர் நின்றதும் குழாய் வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும், அடுத்த நாள் அது முதல் குடத்தில் வரும். கூடவே கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது.

படி 3: செயலியா, காகிதமா

ஆள் வந்து முடிக்கும் வேலைக்கு (விளக்கு, குப்பை, அடைப்பு) தொலைபேசி போதும். முதல்வரின் உதவி மைய எண் 1100, அல்லது குப்பை, அடைப்பு என்றால் வார்டு சுகாதார ஆய்வாளர். பணம் ஒதுக்க வேண்டிய வேலைக்கு (புது வடிகால், சாலை, குழாய் மாற்றம்) காகிதம்தான். காகிதம் கொடுத்தால் கோப்பு பிறக்கும், கோப்பு பிறந்தால் பிறகு கேள்வி கேட்கலாம்.

1100-ல் பதியும்போது மாவட்டத்தைக் கவனியுங்கள். மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டமாகிவிட்டது. பழக்கத்தில் நாகப்பட்டினம் என்று சொன்னால் மனு அங்கே போய்ச் சுற்றிவிட்டு வரும். துறை 'நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல்'.

மனு மாதிரி:

*அனுப்புநர்: பெயர், கதவு எண், தெரு, வார்டு எண், கைபேசி.*
*பெறுநர்: ஆணையர் அவர்கள், கும்பகோணம் மாநகராட்சி.*
*பொருள்: வார்டு எண் ___, ___ தெரு, கதவு எண் 14 முதல் 22 வரை திறந்த வடிகால் சரிவு இன்மை – சீரமைக்கக் கோருதல்.*
*ஐயா, மேற்படி இடத்தில் சுமார் 40 மீட்டர் நீளத்துக்கு வடிகாலில் தண்ணீர் ஓடாமல் தேங்குகிறது. தேங்கிய நாட்கள்: ___. வடிகால் விழும் வாய்க்கால்: ___. இடத்தை ஆய்வு செய்து, மட்டம் பார்த்து, மதிப்பீடு தயாரிக்கவும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.*
*இணைப்பு: படம் 2.*
*நகல்: வார்டு மாமன்ற உறுப்பினர்.*

ஒரு மனுவுக்கு ஒரே குறை. விளக்கும் சாக்கடையும் நாயும் சேர்ந்த மனு பொறியியல் பிரிவில் பாதியும் சுகாதாரப் பிரிவில் பாதியுமாகக் கிடக்கும். 'பலமுறை சொல்லியும் அலட்சியம்' போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் தேதியைப் போடுங்கள். பத்து வீட்டார் கையெழுத்திட்டால் நல்லது, ஆனால் அனுப்புநராக ஒருவர் பெயர் மட்டும் இருக்கட்டும். பதில் அவருக்குத்தான் வரும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து மற்றதில் தேதி முத்திரை வாங்குங்கள். ஆணையர் அறை வாசலில் காத்திருந்து கையில் கொடுத்தாலும் தபால் பிரிவு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு வாரம் கழித்து அதே பிரிவில் 'ந.க. எண் (மனுவுக்கு அலுவலகம் போடும் கோப்பு எண்) என்ன, எந்தப் பிரிவு' என்று கேளுங்கள். இந்த எண் இல்லாமல் இனி எங்கே போனாலும் 'மனு எங்கே கொடுத்தீர்கள்' என்பதிலிருந்தே ஆரம்பிக்கும்.

படி 4: 'முடிக்கப்பட்டது' என்று வந்தபின்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கைவிடுவது. பதில் மூன்று விதமாக வரும்.

'பணி முடிக்கப்பட்டது' என்று வந்து வேலை நடக்கவில்லையென்றால் அன்றைய தேதியில் அதே கோணத்தில் படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புது மனு.

'இப்பணி வேறு துறையைச் சார்ந்தது' என்றால் கோபிக்க வேண்டாம். அந்தப் பதிலை இணைத்தே அடுத்த துறைக்கு எழுதுங்கள். 'எங்களுடையது இல்லை' என்று அவர்களும் சொல்லிவிட்டால் இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் கூட்டம் மிகப் பொருத்தமாக இருப்பது இந்த மாதிரி எல்லைத் தகராறுக்குத்தான். முதல் மனுவையே அங்கே கொடுப்பதில் அர்த்தமில்லை, அது ஆணையருக்கே திரும்பி வரும்.

மூன்றாவதுதான் கில்லாடி: 'நிதி ஆதாரம் பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்.' இது மறுப்புமில்லை, சம்மதமுமில்லை. இதற்கு மறுபடியும் மனு போட்டால் இதே வரி திரும்ப வரும். வேலை நடக்கச் செலவு மதிப்பீடு வேண்டும், நிர்வாக அனுமதி வேண்டும், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வேண்டும். உங்கள் தெரு இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும். அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(1). மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி அனுப்புங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப்போ தபால் தலையோ செல்லாது. கேள்விகள்:

*1. ந.க. எண் ___ மனு மீது நாளதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்.*
*2. இப்பணிக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் எண், தேதி, தொகை, நகல்.*
*3. மன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தால் தீர்மான எண், தேதி.*
*4. மேற்படி வார்டில் நடப்பு நிதியாண்டில் எடுக்கப்பட்ட வடிகால் பணிகளின் பட்டியல்.*

'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். இந்தச் சட்டத்தில் ஆவணம்தான் கிடைக்கும், காரணம் கிடைக்காது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலக மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மதிப்பீடே போடவில்லை என்று பதில் வந்தால் வார்டு இளநிலைப் பொறியாளரைப் பிடியுங்கள். மதிப்பீடு போட்டு மன்றத்துக்கு வரவில்லை என்றால் மாமன்ற உறுப்பினரிடம் போங்கள். அடுத்த கூட்டப் பொருளில் சேர்க்க வைப்பது அவரால் முடியும். உங்கள் வார்டில் பகுதி சபை (கிராம சபை மாதிரி நகரத்துக்கான மக்கள் கூட்டம்) கூடினால் அங்கேயும் கேளுங்கள், 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபை கூட்டும் வழக்கம் வந்திருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி வரை போய் நிற்கிறது என்றால் ஆணையருக்கு நினைவூட்டல் எழுதினால் போதும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

*மனுவுக்கு எத்தனை நாளில் பதில் தர வேண்டும்?* பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015-ம் ஆண்டு அரசாணை எண் 99 சொல்வது: 3 நாளில் ஒப்புகை, அதிகபட்சம் ஒரு மாதத்தில் தீர்வு. நினைவூட்டலில் இந்த அரசாணை எண்ணைக் குறிப்பிடுங்கள். முதல் மனுவிலேயே போட்டால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்.

*பதிவுத் தபால் அனுப்பப் போனால் இல்லை என்கிறார்கள்.* 2025-ல் அது விரைவு அஞ்சலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும், சேர்ந்ததைக் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், ரொம்ப நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது.

*வீட்டுவரி பாக்கி இருந்தால் மனுவை வாங்க மாட்டார்களா?* வாங்க வேண்டும், பாக்கிக்கும் தெரு வடிகாலுக்கும் தொடர்பில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் குழாய் இணைப்பைப் பற்றிய மனு என்றால் பாக்கியைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்த மனுவுக்கு மட்டும் வரியைக் கட்டி ரசீது நகலை இணைத்துவிடுங்கள்.

*வாடகை வீட்டுக்காரர் மனு கொடுக்கலாமா?* தாராளமாக. வரி ரசீது தேவையில்லை, முகவரி போதும்.