ஜப்பானுக்குப் பரிமாற்ற மாணவராகச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானியக் கல்வி அமைச்சின் ஆதரவுடன் 2018-இல் தொடங்கிய ஆசியா காக்கெஹாஷி திட்டத்தின் வழியாகவும், ஏஎஃப்எஸ் போன்ற மாணவர் பரிமாற்ற அமைப்புகளின் வழக்கமான திட்டங்களின் வழியாகவும், இந்தியாவிலிருந்து பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஜப்பானுக்குச் சென்று, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு பல மாதங்கள் தங்கி, அந்த ஊர் மேனிலைப் பள்ளியில் படித்துத் திரும்புகிறார்கள். புறப்படும் முன் அவர்களும் பெற்றோரும் கேட்பதெல்லாம் குளிராடை, பணம், பெட்டியின் எடை ஆகியவற்றைப் பற்றித்தான். ஆனால் பிள்ளைகள் உண்மையில் தடுமாறும் இடம் அந்த வீட்டின் குளியலறையும் சாப்பாட்டு மேசையும். அங்கே நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன: தன்னை ஒரு விருந்தாளி என்று நினைத்துக்கொள்வது.

நம் வீடுகளில் விருந்தாளியை வேலை செய்ய விடமாட்டோம். தட்டை எடுக்கப் போனால் கையைப் பிடித்துத் தடுப்போம். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த பிள்ளை, ஜப்பானிய வீட்டிலும் யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறது. அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஏஎஃப்எஸ் திட்டத்தில் உங்களை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு அதற்காகச் சம்பளமோ வாடகையோ கிடையாது. ஒரு பிள்ளையைக் கூடுதலாக வளர்த்துப் பார்க்க விரும்பித்தான் கதவைத் திறக்கிறார்கள். ஆகவே சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவுமிடத்தில் வைப்பதும், துவைத்துக் காய்ந்த துணியை மடிப்பதும், நகராட்சி குறித்திருக்கும் நாளில் காலையிலேயே குப்பையைக் கொண்டுபோய் வைப்பதும் முதல் வாரத்திலேயே உங்கள் வேலைகளாகிவிட வேண்டும். எரியும் குப்பை, பிளாஸ்டிக், பாட்டில் என்று குப்பைகளைத் தனித்தனியே பிரிப்பதும், தண்ணீர் பாட்டிலின் மூடியையும் மேலே ஒட்டிய தாளையும் கழற்றிவிட்டுப் போடுவதும் ஊருக்கு ஊர் சற்று வேறுபடும் என்பதால், ஒருமுறை அவர்களோடு நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

குளியல் தொட்டியைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய வீட்டில் தொட்டி, அழுக்குப் போக்கிக்கொள்ளும் இடம் அன்று. தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புத் தேய்த்து, நுரை ஒரு துளியும் இல்லாமல் அலசிக்கொண்ட பிறகே சூடான நீருக்குள் இறங்க வேண்டும். சுமார் 200 லிட்டர் பிடிக்கும் அந்த நீரில் வீட்டிலுள்ள அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அமர்வார்கள்; பல வீடுகளில் மிஞ்சிய நீரை மறுநாள் துணி துவைக்கவும் பயன்படுத்துகிறார்கள். நான் போன முதல் இரவு, நம் ஊர் வழக்கப்படி பயன்படுத்திய நீரை அடுத்தவருக்கு விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், குளித்து முடித்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். எனக்குப் பிறகு குளிக்க மூன்று பேர் இருந்தார்கள். அந்த வீட்டு அம்மா எதுவும் சொல்லாமல் மறுபடியும் நீரை நிரப்பினார். மறுநாள் மாலை குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: தொட்டி, அதன்மேல் மூடி, அடைப்பானைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், கீழே ஒரு சிரித்த முகம். என்னைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே அவர் உட்கார்ந்து படம் வரைந்திருக்கிறார் என்பது புரிந்தபோது கண் கலங்கிவிட்டது. அவர்கள் வாய் திறந்து குறை சொல்லவில்லை என்பதால் குறையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது என்பதை அந்தத் தாள்தான் எனக்குக் கற்பித்தது.

இதோடு சேர்ந்ததுதான் மறுப்பைப் புரிந்துகொள்ளாத தவறு. ஞாயிற்றுக்கிழமை தோழியின் ஊருக்குப் போகலாமா என்று கேட்டால், ஜப்பானிய அம்மா தலையைச் சற்றே சாய்த்து, "ச்சொத்தோ..." என்று இழுத்து நிறுத்துவார். 'கொஞ்சம்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் அந்த இடத்தில் அதன் பொருள் 'வேண்டாம்' என்பதே. மறுபக்கம், நம் பிள்ளைகள் புரியாதபோதும் 'ஆம்' என்று பொருள்படும் "ஹாய்", "ஹாய்" என்ற ஜப்பானியச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சொல் பல நேரங்களில் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற அளவில் நின்றுவிடுவதுதான். ஆனால் நாளைக் காலை ஆறரை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சொன்னதற்கும் அதையே சொல்லிவிட்டு ஏழு மணிக்கு எழுந்து வந்தால், அது நம்பிக்கையைக் குலைத்துவிடும். புரியவில்லை என்று சொல்வதில் அங்கே எந்தக் குறைவும் இல்லை. நேரத்தையும் இடத்தையும் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நாம் 'சரி' என்பதற்குத் தலையை இருபக்கமும் ஆட்டுவது அவர்களுக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ தோன்றக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சைவ உணவு உண்பவர்கள் செய்யும் தவறு, அதை ஒரே சொல்லில் சொல்லி நிறுத்திவிடுவது. 'நிக்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தி இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால், மீன் வந்துவிடும். பலருடைய பேச்சு வழக்கில் அந்தச் சொல்லில் மீன் அடங்காது. மீனும் வேண்டாம் என்றாலும், மிசோ சூப்பின் அடியில் இருக்கும் 'தாஷி' என்ற சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுக்கப்படுகிறது; கடையில் விற்கும் கறிக் குழம்புக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். ஆகவே விண்ணப்பப் படிவத்திலேயே எது எது ஆகாது, முட்டையும் பாலும் ஆகுமா, மீன் சாறு கலந்தால் பரவாயில்லையா என்று தெளிவாக எழுதிவிடுங்கள். கண்டிப்பான சைவம் என்றால் குடும்பம் கிடைப்பதே கடினம் என்று பயந்து மறைத்துவிட்டு, அங்கே போய்ப் பட்டினி கிடப்பது இரு தரப்புக்கும் கொடுமை. வாரத்தில் ஒருநாள் நானே சாம்பார் வைக்கிறேன் என்று முன்வரும் பிள்ளைக்கு அந்தச் சமையலறை தாராளமாகத் திறக்கும்.

சாப்பாட்டு மேசையில் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். உங்கள் குச்சியிலிருந்து அடுத்தவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். இரண்டுமே அங்கே இறுதிச் சடங்கோடு தொடர்புடையவை.

மொழியில் நம் பிள்ளைகள் செய்யும் ஒரு தவறு எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஜப்பானிய வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு புரிந்துகொள்ள முயல்கிறார்கள். தேவையே இல்லை. தமிழைப் போலவே அங்கும் வினைச்சொல் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபைப் போன்ற இடைச்சொல் பெயருக்குப் பின்னால் வருகிறது. 'தாபெத்தெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. 'மிரு' என்பதற்குத் தனியே பொருள் 'பார்' என்பதேதான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லும் 'இத்தெக்கிமாஸ்' அப்படியே நம் 'போயிட்டு வர்றேன்'. அதற்குப் பதிலாக உள்ளிருந்து வரும் சொல் 'போயிட்டு வா' என்பதற்கு நிகரானது. திரும்பி வந்ததும் 'ததாய்மா' என்று சொல்ல வேண்டும். இந்தச் சொற்களைச் சொல்லாமல் ஓசையின்றி அறைக்குள் போய்விடும் பிள்ளையைப் பற்றித்தான் குடும்பங்கள் கவலைப்படுகின்றன. நாளுக்கு நான்கு முறை இவற்றைச் சொன்னாலே வீட்டுப் பிள்ளையாகிவிடலாம்.

பள்ளியில் வகுப்பறையை மாணவர்களே துடைக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். விளக்குமாற்றை எடுக்கத் தயங்க வேண்டாம். பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் மன்றச் செயல்பாடுகளைத் தவிர்த்துவிட்டு நேரே வீடு திரும்புவதுதான் பெரிய இழப்பு, ஏனென்றால் நட்பு அங்கேதான் உருவாகிறது. வில்வித்தையோ வாத்தியக் குழுவோ, திறமை இல்லாவிட்டாலும் சேருங்கள்.

சட்டம் சார்ந்தவை இரண்டு. ஜப்பானில் தங்கும் வெளிநாட்டவருக்கு அந்நாட்டு அரசு தரும் குடியிருப்பு அட்டையை, 16 வயது நிறைந்தவர் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தக் கூடாது. சைக்கிளில் போகும்போது கைப்பேசியைப் பார்ப்பதும் குடை பிடிப்பதும் குற்றம். 2026 ஏப்ரல் 1 முதல் 16 வயது நிறைந்த சைக்கிளோட்டிகளுக்கு அங்கேயே அபராதச் சீட்டு தரும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. கைப்பேசிக்கு 12,000 யென்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இங்கே இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் அழைத்தால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. உங்கள் குரலுக்காகப் பிள்ளை விழித்திருக்கும். சுவரின் மறுபக்கம் ஒரு குடும்பம் தூங்க முயலும். வாரம் ஒருமுறை, ஞாயிறு பிற்பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பேசினால் பிள்ளையின் மனம் இங்கேயே தங்கிவிடும், அங்கே யாரோடும் ஒட்டாது.

ஆனால் விட்டுக்கொடுத்து இருப்பதற்கும் எல்லை உண்டு. ஒருவரின் நடத்தை பயத்தைத் தந்தாலோ, உணவு போதாமல் இருந்தாலோ, யாரேனும் தொடக் கூடாத விதத்தில் தொட்டாலோ, நல்ல பிள்ளை என்ற பெயருக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஏஎஃப்எஸ் போன்ற அமைப்புகள் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ளூரில் ஒரு தொடர்பாளரை நியமிக்கின்றன. குடும்பத்தை மாற்றவும் வழி இருக்கிறது. அந்தத் தொடர்பாளரின் எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய முதல் வாரத்திலேயே, எந்தச் சிக்கலும் இல்லாதபோதே, ஒருமுறை அழைத்துப் பேசிவிடுங்கள். அந்தக் குரல் பழகியிருந்தால், இக்கட்டான நேரத்தில் அழைக்கக் கை தயங்காது.