பிடித்த மாயாஜால நாவல் படமாக வருகிறதா? ஒழுங்காக ஏமாறுவது எப்படி

நீங்கள் உயிராக நினைக்கும் ஒரு மாயாஜால நாவலைப் படமாக எடுக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வருகிறது. நண்பர்கள் வாழ்த்துச் சொல்கிறார்கள். உங்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எனக்கு இது பழகிப்போன விஷயம். ஏமாறாமல் தப்பிக்க வழி இருப்பதாக நான் நம்பவில்லை. எதற்கு ஏமாற வேண்டும், எதை விட்டுத்தள்ளலாம் என்று பிரித்துப் பார்க்கப் பழகலாம், அவ்வளவுதான்.

முதல் வேலை ட்ரெய்லர் வருவதற்குள் முடிய வேண்டும். ஒரு தாளை எடுத்து, முக்கியப் பாத்திரங்கள் உங்கள் மனதில் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். முகம், குரல், நடை, அந்தக் கோட்டையின் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வரை. நடிகரின் முகத்தை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டால் உங்கள் பழைய முகம் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். எழுதி வைத்திருந்தால் தேடி எடுக்கலாம்.

படத்துக்கு முந்தின வாரம் புத்தகத்தை மறுபடி படிக்கிற ஆசை வரும். வேண்டாம். வரிகள் சூடாக நினைவில் இருந்தால் படம் முழுக்கக் கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து ‘இது இருக்கு, இது இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 150 பக்கம், அதிலும் பாதி வெற்றிடம். தடிமனான நாவலை வாய்விட்டுப் படித்தால் இருபது மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். ஆக வெட்டித்தான் தீர வேண்டும். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில், நாவலில் காட்டில் பாடித் திரியும் டாம் பாம்படில் இல்லை. ஹாரி பாட்டர் படங்கள் எட்டிலும் பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் இல்லை. இரண்டு பேரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் இதை மன்னித்துவிட்டேன். எல்லாப் பழியையும் நேரத்தின் மேல் போடவும் முடியாது. 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ ஒரே ஒரு சின்னப் புத்தகம். அதை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்தார்கள். அந்த நாவலில் வராத லெகோலாஸ் என்ற எல்வ் இன வில்லாளி உள்ளே வந்தார், இரண்டு கதைகளையும் எழுதிய டோல்கீனின் எந்தப் புத்தகத்திலும் இல்லாத டாரியல் என்ற எல்வ் பெண் வந்தார். நேரம் மிச்சமிருந்தும் கெடுக்க முடியும்!

இனிமேல்தான் உண்மையான வேலை. ‘இது போனால் இது வேறு கதை’ என்று நீங்கள் நினைக்கும் ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். எனக்கு அது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் வரும் ஃபாரமிர் என்ற படைத்தலைவன். எல்லோரையும் ஆசை காட்டிக் கெடுக்கும் ஒரு மோதிரத்தை அழிக்க, ஃப்ரோடோவும் சாமும் என்ற இரண்டு ஹாபிட்டுகள் (குள்ள இனத்தவர்கள்) ரகசியமாக எடுத்துப்போகும் வழியில் அவனிடம் சிக்குகிறார்கள்.

நாவலில், அவர்களிடம் இருப்பது இன்னதென்று தெரியாமலே, வழியில் கிடந்தால்கூட அந்தப் பொருளை எடுக்க மாட்டேன் என்று ஃபாரமிர் சொல்கிறான். கொஞ்ச நேரத்தில் சாம் வாய்தவறி உளறிவிட, ஃப்ரோடோவிடம் இருப்பது அந்த மோதிரமேதான் என்று தெரிந்துவிடுகிறது. ஃபாரமிர் எழுந்து நிற்கிறான், நெடிதாக, கடுமையாக. ஹாபிட்டுகள் இருவரும் சுவரில் முதுகைச் சாய்த்து வாளைத் தடவுகிறார்கள். குகையில் பேச்சு அடங்கிவிடுகிறது. அவனோ திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சிரிக்கிறான். 2002இல் வந்த படத்தில் அதே ஆள் ஃப்ரோடோவை ஆஸ்கிலியத் என்ற பாழடைந்த நகரம் வரை இழுத்துப்போய், அங்கேதான் மனம் மாறி விடுவிக்கிறான்.

படக்குழு இதற்குச் சொன்ன காரணம் அற்பமானதல்ல. மோதிரத்தை யாராலும் எதிர்க்க முடியாது என்று அத்தனை நேரம் காட்டிவிட்டு, ஒருவன் சும்மா ஒதுக்கித் தள்ளினால் அதன் பயங்கரம் போய்விடும். ஷெலோப் சிலந்தியின் பகுதியை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டதால் இந்தப் படத்தின் முடிவுக்கு ஏதாவது ஒரு மோதலும் தேவைப்பட்டது. எல்லாம் சரி. நான் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்பியால் ஒதுக்க முடிந்தது என்பதால்தானே மோதிரத்தைப் பிடுங்கப் பார்த்த அண்ணன் போரோமிரின் சறுக்கல் அப்படி வலிக்கிறது?

உர்சுலா லெ க்வினின் எர்த்ஸீ கதைகளுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். 1968இல் வந்த முதல் நாவலிலேயே நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் உலகத்தில் பெரும்பாலானவர்கள் பழுப்போ கறுப்போதான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அவனை வெள்ளைக்காரனாக்கிவிட்டார்கள். லெ க்வின் அதைக் கண்டித்து ஒரு கட்டுரையே எழுதினார். ஒரு காட்சி விடுபட்டது மாதிரியான குறை இல்லை இது.

படம் பார்க்கும்போது மாற்றம் ஒன்று கண்ணில் பட்டால், ‘ஏன் மாற்றினார்கள்?’ என்று கேட்பதைவிட ‘எந்தச் சிக்கலைத் தீர்க்க மாற்றினார்கள்?’ என்று கேளுங்கள். ‘கோரலைன்’ நாவலில் அந்தச் சிறுமி பெரும்பாலும் தனியாகத் திரிந்து மனசுக்குள் யோசிக்கிறாள். கேமராவால் யோசனையைப் படம் பிடிக்க முடியாது. அதனால் 2009 படத்தில் அவள் பேசுவதற்கென்று வைபி என்ற பையனை உருவாக்கினார்கள். அவன் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எதற்காக வந்தான் என்று புரிகிறது. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ இன்னொரு ரகம். டயானா வின் ஜோன்ஸின் நாவலில் கோட்டைக் கதவு ஒரு பக்கம் நம் உலகத்து வேல்ஸுக்கே திறக்கும். படத்தில் அது கிடையாது. நாவலில் ஓரமாக இருந்த போர்தான் படத்தை நிறைத்திருக்கிறது. இத்தனைக்கும் இரண்டுமே எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் முகத்துக்கு நேரே பேசும் சோஃபி இரண்டிலும் இருக்கிறாள்.

முடிந்தால் புத்தகம் படிக்காத ஒருவரைக் கூட்டிப் போங்கள். நான் என் தங்கையைக் கூட்டிப் போவேன். ஹாரி பாட்டர் மூன்றாம் படம் முடிந்ததும் அவள் கேட்டாள்: “அந்த மேப்ல நாலு பேர் இருந்தாங்களே, மூனி, ப்ராங்ஸ்னு… யாருக்கா அவங்க?” அப்போதுதான் உறைத்தது. பள்ளியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் அந்த மாய வரைபடத்தை வரைந்தவர்கள் ஹாரியின் அப்பாவும் அவருடைய நண்பர்களும்தான் என்று படத்தில் எங்குமே சொல்லவில்லை. ஹாரியின் காவல் மந்திரத்தில் வரும் உருவம் ஏன் மானாக இருக்கிறது என்பதும் அதோடு போயிற்று. படித்தவர்களுக்கு இந்த ஓட்டை தெரியவே தெரியாது. நம் மூளை தானே அடைத்துக்கொள்கிறது.

குறை சொல்லும்போது குறிப்பாகச் சொல்லுங்கள். ‘புத்தகம் மாதிரி இல்லை’ என்றால் யார் காதிலும் ஏறாது. ‘கோப்லெட் ஆஃப் ஃபயர்’ நாவலில் தலைமையாசிரியர் டம்பிள்டோர், போட்டிக்குப் பெயர் போட்டாயா என்று ஹாரியிடம் அமைதியாகக் கேட்கிறார், படத்தில் பாய்ந்து பிடித்துக் கத்துகிறார் என்ற ஒற்றைப் புகார் 2005 முதல் இன்றுவரை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. எவ்வளவு கச்சிதம் பாருங்கள்: ஒரு வினைச்சொல், ஒரு மனிதரின் மொத்தக் குணம். டோல்கீனும் இப்படித்தான் செய்தார். 1958இல் தன்னிடம் வந்த ஒரு ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ திரைக்கதைச் சுருக்கத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் போட்டார். கழுகுகளை அளவுக்கு மீறிப் பறக்கவிட்டது முதல் எல்வ்களின் வழியுணவை ‘செறிவூட்டிய உணவு’ ஆக்கியது வரை எதையும் விடவில்லை. மூலக்கதையின் கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேவையில்லாததைத் திணிப்பதால்தான் மோசமான படங்கள் தோற்கின்றன என்பது அவர் வாதம்.

எடுத்தவரை நேரில் பார்க்க நேர்ந்தால் லெ க்வின் மாதிரி நடந்துகொள்ளலாம். 2006இல் மியாசாகியின் மகன் கோரோ மியாசாகி எடுத்த எர்த்ஸீ படத்தைப் பார்த்துவிட்டு, இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று அவரிடம் சொன்னார். பிறகு தன் குறைகளை விரிவாக எழுதியும் வைத்தார். இரண்டும் செய்யலாம்.

சில வாரம் போகட்டும். படம் கொஞ்சம் மங்கியதும் புத்தகத்தை எடுங்கள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நடிகர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். படம் தொடாத அத்தியாயத்திலிருந்து ஆரம்பியுங்கள். என் தேர்வு, போர் முடிந்து வீடு திரும்பும் ஹாபிட்டுகள் தங்கள் ஊரே பாழாகிக் கிடப்பதைப் பார்த்து, தாங்களே அதை மீட்கும் அத்தியாயம். அதை முடித்த கையோடு பின்னோக்கிப் போனால் ஃபாரமிரின் குகைக்கும் பழைய முகத்தோடு போய்ச் சேரலாம்.